ஒரே தோப்பு, ஒரே பாதை: ரெட்வுட் காட்டில் ஒரு வகுப்பு

சென்ற ஆண்டு என் மகளின் வகுப்பைச் சான் ஹோசேயிலிருந்து சாண்டா குரூஸ் மலையிலுள்ள ரெட்வுட் காட்டுக்கும் அதை அடுத்த கடற்கரைக்கும் ஒரே நாளில் அழைத்துச் செல்வதென்று பெற்றோர் சிலர் சேர்ந்து திட்டமிட்டோம். நெடுஞ்சாலை 17-இன் வளைவுகளில் இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். வண்டியை நிறுத்திச் சுத்தம் செய்து புறப்பட்டதில் முக்கால் மணி நேரம் போயிற்று. கடற்கரைக்கு நேரமாகிவிடும் என்ற பதற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மரங்களுக்கு நாங்கள் ஒதுக்கியது நாற்பதே நிமிடங்கள். ஊர் திரும்பியபின் என் மகளிடம் காட்டைப் பற்றிக் கேட்டபோது, "சீக்கிரம் நடங்க, சீக்கிரம் நடங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கப்பா" என்றாள். அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. இந்த ஆண்டு அவள் நான்காம் வகுப்புக்கு வந்ததும், ஏற்பாட்டுப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுதினால் நம்மவருக்குச் சேஷாசலம் மலைச் சந்தன வகைதான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. இது கலிபோர்னியக் கடலோரத்தின் மூடுபனியைப் பருகி வளரும் ஊசியிலை மரம். ஆகவே ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

எந்தக் காடு என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பெரும்பாலோர் சொன்னது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மியூர் வுட்ஸ். அழகில் அதற்குக் குறைவில்லை. ஆனால் அங்கே செல்லும் மலைச்சாலையில் 35 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியில்லை. எங்களுக்குக் கிடைக்கவிருந்த பள்ளிப் பேருந்தோ அதைவிட நீளம். 2018 முதல் வண்டி நிறுத்துவதற்கும் முன்பதிவு கட்டாயம். அடுத்து, 1902-இல் உருவான பிக் பேசின் பூங்கா. 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய பெருந்தீ அதை ஏறக்குறைய முழுவதும் எரித்தது. 2022-இல் ஒரு பகுதியை மீண்டும் திறந்தார்கள். கருகிய அடிமரங்களிலிருந்து பச்சைத் துளிர்கள் வெடித்துக் கிளம்பியிருப்பதைக் குழந்தைகள் ஒருநாள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனால் முழுப் பாதையையும் சுற்றிவர முடியாத இடத்துக்கு வகுப்பை அழைத்துச் செல்வதில்லை என்று ஆசிரியையும் நானும் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். பெல்டன் ஊரையொட்டிய ஹென்றி கோவல் பூங்காவின் தோப்புப் பாதை 1.3 கிலோமீட்டர் வளையம், சமதளம். அத்துடன் தேடல் முடிந்தது.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை, ஆசிரியையும் நானும் அந்தப் பாதையை நடந்து பார்த்தோம். இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன். கழிவறையிலிருந்து பாதைத் தொடக்கம் எத்தனை நிமிடம், முப்பது குழந்தைகள் வழியை அடைக்காமல் எங்கே நிற்கலாம், கைப்பேசி எங்கே வேலை செய்யாது என்பதெல்லாம் நடந்து பார்த்தவருக்கே தெரியும். பாதையோரத்தில் மூன்று மூன்று இலைகளாகப் படர்ந்து, தொட்டால் தோலைப் புண்ணாக்கும் பாய்சன் ஓக் செடியைப் படம் எடுத்துவந்து வகுப்பில் காட்டினோம். வெளியே நல்ல வெயில் அடித்தபோதும் தோப்புக்குள் எனக்குக் குளிரெடுத்தது; ஆகவே எல்லோரும் மேல்சட்டை கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் முதல் வரியாக எழுதினோம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் பள்ளி மைதானத்தில் 80 மீட்டர் கயிற்றை நீட்டிப் போட்டோம். அந்தத் தோப்பின் மிக உயர்ந்த மரம் அதைவிடவும் உயரம் என்றதும் குழந்தைகள் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஓடிப் பார்த்தார்கள். அதன் அடிமரத்தின் அகலத்துக்கு, ஏறத்தாழ 5 மீட்டர் குறுக்களவில், சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டோம். வகுப்பு முழுவதும் அதற்குள் நிற்க முடிந்தது.

பயண நாளில் வண்டியில் தலைசுற்றும் குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்தினோம். யாருக்கும் வாந்தி வரவில்லை. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் குழுக்களை உள்ளே அனுப்பினோம்.

முதல் மரத்தில் கை வைத்து, பட்டையை மெல்ல அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முப்பது சென்டிமீட்டர் வரை தடிக்கும் அந்தப் பட்டையில் எளிதில் தீப்பற்றும் பிசின் இல்லாததும், பூச்சிகளுக்கு ஆகாத துவர்ப்புச் சத்து நிறைந்திருப்பதும்தான் அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பதை, கை பட்டையின்மேல் இருக்கும்போது சொல்ல வேண்டும். மடிந்துபோன தாய்மரத்தைச் சுற்றி அதன் வேரிலிருந்தே எழுந்த கன்றுகள் வட்டமாக நிற்கும் இடத்தில், ஐவரும் நடுவில் நின்று மேலே பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. நானும் பேசாமல் இருந்தேன்.

"ஏன் வேலியைத் தாண்டக்கூடாது?" என்று ஒருத்தி கேட்டாள். இந்த மரங்களுக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் சில மீட்டர் ஆழமே இறங்கி, பக்கவாட்டில் முப்பது மீட்டர் வரை பரவி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மிதிபட்டு மண் இறுகினால் அவற்றுக்கு மூச்சும் நீரும் குறையும். 2006-இல் கண்டறியப்பட்ட, ஏறத்தாழ 116 மீட்டர் உயரமுள்ள, வேறொரு காட்டில் நிற்கும் உலகின் மிக உயரமான மரமான ஹைபீரியனைத் தேடிப் போனவர்கள் சுற்றுப்புறத் தரையைச் சிதைத்ததால், அங்கே யாரும் போகக்கூடாது என்று 2022-இல் அறிவித்துவிட்டார்கள்.

இந்தத் தோப்பு 1867-இல் வெல்ச் என்பவர் வாங்கியதால் கோடரிக்குத் தப்பியது. ஆனால் அந்நாளில் கட்டணம் செலுத்தினால்தான் உள்ளே விடுவார்கள். 1900-இல் சான் ஹோசே புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரூ ஹில் இங்கே படமெடுத்தபோது, உரிமையாளர் அவர் எடுத்த படங்களின் தகடுகளைக் கேட்டுத் தகராறு செய்தார். இம்மரங்கள் பொதுமக்களுக்கே உரியவையாக வேண்டும் என்று ஹில் கிளம்பியது அந்தக் கோபத்தில்தான். பிக் பேசின் பூங்கா அந்த இயக்கத்தில் பிறந்தது. கலிபோர்னிய வரலாறு நான்காம் வகுப்புப் பாடம் என்பதால், இதைத் தோப்பிலேயே நின்று சொன்னது பொருத்தமாக இருந்தது.

மதிய உணவைத் தோப்புக்கு வெளியே, மேசைகளில் உண்டோம். சிந்தும் பருக்கையைத் தின்னத் திரளும் ஜே பறவைகள், முதிய மரங்களின் உயரக் கிளைகளில் முட்டையிடும் அரிய கடற்பறவையான மார்பிள்ட் மர்ரிலெட்டின் முட்டைகளையும் தின்றுவிடும் என்று கேட்டதும், குழந்தைகள் மேசைக்கடியில் குனிந்து ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினார்கள்.

சக்கர நாற்காலிச் சிறுவனின் குழுதான் கடைசியாக வந்து சேர்ந்தது. மஞ்சள் நிற, ஓடில்லாத வாழைப்பழ நத்தை ஒன்று பாதையைக் கடந்து முடிக்கும்வரை வழியை மறித்து நிறுத்திவிட்டானாம். அவர்களுக்கு ஆன நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். அடுத்த ஆண்டுக்கான குறிப்பில், எல்லாக் குழுக்களுக்கும் அந்த நேரத்தையே எழுதி ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன்.