வெள்ளம் என்றால் தண்ணீர்தான்

நம் செங்கோட்டைப் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. "பள்ளிக்கூட ஞாபகம் ஏதாவது எழுதிக் கொடுங்க. ஸ்போர்ட்ஸ் டே, டூர், வாத்தியார் அடிச்சது, எதுன்னாலும் சரி" என்றார்கள். வாத்தியார் அடித்ததை எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். நான் எழுதப்போவது பத்தாம் வகுப்பு வரை நம்மோடு வராமல் போன ஒருவனைப் பற்றி. அப்புறம் நம் கணக்கு டீச்சரைப் பற்றி, அவரோடு இன்றைக்கும் வரவு செலவுக்குச் சண்டை போடும் மர மில் முதலாளி பாயைப் பற்றி. யாருக்கும் பெயர் போடவில்லை. நம் 1993 செட்டுக்கு இரண்டு வரி படித்ததுமே ஆள் தெரிந்துவிடும்.

அவன் பகவதிபுரத்திலிருந்து காலை பாசஞ்சரில் வருவான். அப்பா ரயில்வேயில் கேங்மேன். பகவதிபுரம் நம் பக்கத்தின் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டினால் மலைக்குகை, ஆரியங்காவு, அப்புறம் கேரளம். அது மீட்டர்கேஜ் காலம். மலை ஏறும் வண்டியை முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும். வகுப்பில் உட்கார்ந்தபடியே சத்தத்தைக் கேட்டு எந்த வண்டி, எத்தனை நிமிஷம் லேட், பின் எஞ்சினைக் கழற்றிவிட்டார்களா என்று சொல்லிவிடுவான். ஒரு நாள்கூடத் தப்பினதில்லை.

ஆனால் எழுத்து வராது. 'பள்ளி' என்று போர்டில் இருந்தால் அவன் நோட்டில் 'பளிள்' என்று இருக்கும். 'பட்டம்' என்றால் 'படட்ம'. புள்ளி எந்த எழுத்தின் தலையில் விழும் என்று அவனுக்கே தெரியாது. ல, ள, ழ மூன்றும் அவனுக்கு ஒன்றுதான். வாய்க்கணக்கு கேட்டால் டக்கென்று விடை வரும். அதையே பரீட்சைத் தாளில் கேட்டால் வெறும் தாள் வரும். 'கொழுப்பு' என்றார்கள். 'மண்டையில ஒண்ணுமில்ல' என்றார்கள். நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் இதைவிட மோசம், அதை இங்கே எழுத முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லிக்கொடு என்று டீச்சர் சொன்னார். பதினைந்து நாள் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்று, "டீச்சர், என் மார்க் குறையுது" என்றேன். மறுநாள் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள். அந்த வருஷக் கடைசியில் அவன் கையில் டி.சி. பத்தாம் வகுப்பில் பாஸ் சதவீதம் இறங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். அந்தக் காலத்தில் ஊர் ஊருக்கு நடந்ததுதான்.

சரி, டீச்சருக்கு வருகிறேன்.

ரிட்டயர் ஆன கையோடு வீட்டுக்கு ஒரு கதவு நிலை செய்ய மரம் பார்க்கப் பிரானூர் பக்கம் போயிருக்கிறார். நம் ஊரில் மர அறுவை மில்லுக்குப் பஞ்சமா என்ன. பாயின் மில்லில் விலை பேசிக்கொண்டிருக்கும்போது ரம்பம் நின்ற இடைவெளியில் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. என்ன பாய் அது என்று கேட்டதற்கு, "எம் மக, டீச்சரம்மா. நடக்க வராது. வெளிய விடுறதில்ல" என்றிருக்கிறார். ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். பிறந்ததிலிருந்து படுக்கையும் அம்மாவின் இடுப்பும்தான் அதற்கு ஊர். டீச்சர் மரம் வாங்காமல் திரும்பி வந்தார். அடுத்த வாரம் மறுபடி போனார், மரத்துக்காக அல்ல.

அவர்கள் இரண்டு பேரும் முதலில் போய்ப் பார்த்த இடம் ஆய்க்குடி. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் அமர் சேவா சங்கத்தை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது போர்டாக மட்டும் பார்த்திருப்போம். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இன்ஜினீயரிங் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், அங்கே உடற்தகுதிப் பரீட்சையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சொந்த ஊருக்கு வந்து 1981-ல் அவர் தொடங்கியதுதான் அந்தச் சங்கம். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் 'அமர்' என்று வைத்தார். பின்னால் வந்து சேர்ந்த சங்கரராமன் ஆடிட்டர். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு நிறுவனத்தின் தலைமை இரண்டு பேருமே உட்கார்ந்த இடத்திலிருந்து நடத்துகிறவர்கள் என்பதைப் பாய் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்திருக்கிறார். திரும்பி வரும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லையாம். மறுநாள் மில்லின் பின்பக்க ஷெட்டைக் காலி பண்ணினார். வாடகை கிடையாது. கரண்ட் பில்லை மட்டும் டீச்சர் கட்ட வேண்டும். அந்தக் கரண்ட் பில்தான் இன்று வரைக்கும் சண்டை.

2006-ல் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தபோது முதல்முறையாக அந்த ஷெட்டுக்குப் போனேன். போய் நின்றதும் மூக்கில் ஏறியது பச்சை மர வாசனை. பதினோரு பிள்ளைகள். பாயின் மகள் மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த நாற்காலியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. முதுகுப் பலகை ஒன்றுக்குப் பதில் இரண்டு. இரண்டும் சுவர் மூலை மாதிரி சேர்ந்திருக்கும். அதில் உட்காரவைத்தால் பின்னால் விறைத்துக்கொள்ளும் தோள்கள் தாமாக முன்னால் வரும், கைகள் நடுவே சேரும். பிள்ளை வழுக்கி இறங்காமல் இருக்கத் தொடைகளுக்கு நடுவில் ஒரு கட்டை. முன்னால் ஒரு தட்டு. கடையில் வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். பாயின் ஆசாரி மிச்சத் துண்டுகளில் செய்தார். முதல் நாற்காலி வேங்கையில்; தூக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவதில் உயரம் தப்பிப்போய்க் கால் தரையில் படவில்லை. மூன்றாவதில்தான் அந்தப் பிள்ளை ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையைத் தானே பார்த்தது. பாயின் மனைவி இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எழுத்து சொல்லிக்கொடுக்க மரத்தூள். மில்லில் மலை மாதிரி குவிந்து கிடப்பதைச் சலித்து ஒரு தாம்பாளத்தில் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' போடவைத்தார் டீச்சர். கண்ணால் பார்த்தால் நிற்காத எழுத்து விரலில் நிற்கும் என்றார். தப்பாகப் போட்டால் அழிரப்பர் வேண்டாம், தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் போதும். சிவப்பு மைக்கு அங்கே வேலையே இல்லை.

நம் ஊரின் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து எஸ்டேட் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கே வந்தார்கள். அப்பா தமிழ், அம்மா மலையாளம், பாட்டி இரண்டும் கலந்து. 1956 வரைக்கும் நம் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது, சங்கு முத்திரை போட்ட வளைவு இன்னும் நிற்கிறதே. அப்படி ஒரு பையனை அறிவுத்திறன் சோதனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். சோதித்தவர் வெளியூர்க்காரர். டம்ளரில் தண்ணீர் இருக்கும் படத்தைக் காட்டி இது என்ன என்றதும் பையன் "வெள்ளம்" என்றான். தப்பு என்று குறித்துக்கொண்டார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "சார், எங்க மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம்னா தண்ணிதான். உங்க ஊர்லதான் அதுக்கு வீடு முங்கணும்." சோதித்தவர் சிரித்தார், ஆனால் குறித்ததை மாற்றவில்லை. டீச்சர் அரை மணி நேரம் விடவில்லை. முடிவில் மாற்றினார். ஒரு மார்க்கா என்று நாம் கேட்கலாம். சலுகைக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும், அறிவுத்திறன் எண் 70-க்கு மேலே போய்விட்டால் அந்தக் கணக்குக்குள் வராது. அந்தப் பையன் விஷயத்தில் டீச்சர் சண்டை போட்டதே சான்றிதழ் கைவிட்டுப் போவதற்குத்தான். அது தெரிந்தேதான் போட்டார். "இல்லாத குறைய எழுதிட்டுப் பணம் வாங்கவா?" என்றார். பையனின் அம்மாவுக்குக் கொஞ்சநாள் கோபம். எனக்கும் யார் பக்கம் நியாயம் என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

சான்றிதழ் என்றதும் திருநெல்வேலிப் பயணம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அறுபது கிலோமீட்டர் போய்த்தான் ஆக வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறும் அம்மாக்களோடு டீச்சர் போவார். அன்றைக்கு டாக்டர் வரவில்லை என்றால் திரும்பி, அடுத்த வாரம் மறுபடி. அதோடு ஒரு மாநிலத்தில் வாங்கியதை மலைக்கு அந்தப் பக்கம் கேட்க மாட்டார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அடையாள அட்டை வந்தபிறகு இந்தத் தொல்லை குறைந்தது. கேரளத்தில் பஞ்சாயத்தே குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவி அமைப்போடு சேர்ந்து இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு 'பட்ஸ்' பள்ளி நடத்துகிறது, 2004-ல் வெங்ஙானூரில் ஆரம்பித்தது. டீச்சருக்கு அதில் தீராத பொறாமை. "அங்க மெம்பர் வந்து பாக்காரு, இங்க நாம மெம்பர் வீட்டு வாசல்ல நிக்கோம்" என்பார்.

இப்போது நம் பழைய மாணவர் சங்கத்தாருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு பத்தி. நாம் ஒரு தடவை ஆறு சக்கர நாற்காலி அனுப்பினோம் அல்லவா, போட்டோகூட மலரில் வந்தது. ஆறும் பெரியவர்கள் சைஸ். ஏழு வயதுப் பிள்ளை அதில் உட்கார்ந்தால் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும். ஒன்றில் பாயின் மனைவி வடகம் காயப்போட்டிருந்ததை நானே பார்த்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது வாரத்தில் மூன்று நாள் வரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளம். அதற்குப் போட்டோ எடுக்க முடியாது. இன்னொன்று, வேறொரு ஆடிட்டர் எனக்கு விளக்கியது: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் நம் சேமிப்பிலிருந்து பாங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம் என்ற கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஆட்கள் அனுப்பினால் வரும். அதை வாங்க டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், டீச்சரிடம் அது இல்லை. ஆகவே கனடா, ஆஸ்திரேலியா நண்பர்கள் தயவுசெய்து நேரடியாக அனுப்ப வேண்டாம். அனுப்பி, திருப்பி அனுப்புவதற்குள் அவர் படும் பாடு பெரிது.

2012 லீவில் ஒரு சாயங்காலம் ஷெட்டில் டீச்சரும் நானும் மட்டும். வெளியே சாரல். அவர் மரத்தூளைச் சலித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "அவனுக்கு டி.சி. எழுதுனது நான்தான்யா. எச்.எம். சொன்னாரு, நான் எழுதுனேன். காரணம்னு இருந்த எடத்துல 'பெற்றோர் விருப்பம்'னு போட்டேன். அவங்க அப்பாவுக்கு அத வாசிக்கக்கூடத் தெரியாது." நான் என் பெஞ்சுக் கதையைச் சொன்னேன். "தெரியும். மாத்திவிட்டதும் நான்தானே" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அவனுக்கு இருந்த 'கற்றல் குறைபாடு' மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பிடித்ததே 2016-ல்தான். 1995 சட்டத்தில் இருந்த ஏழு வகை 21 ஆனபோது. இப்போது அதே மாதிரிப் பிள்ளைக்குப் பரீட்சையில் சொல்வதை எழுத ஆள் கிடைக்கும், கூடுதல் நேரம் கிடைக்கும்.

அவனைக் கண்டுபிடித்த கதை சின்னது. 2010 செப்டம்பரில் புனலூர் வரைக்குமான மீட்டர்கேஜை அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். அதுவரை கிடைத்த கூலி வேலைக்குப் போய்வந்தவன், வண்டி நின்றதும் வேலைக்கும் போகாமல் செங்கோட்டை ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தான், வராத வண்டிகளின் நேரத்துக்கு. டீச்சர் அங்கே பார்த்து, கூட்டிவந்து, ஷெட்டின் வேனில் ஏற்றிவிட்டார். டிரைவர் வேறு ஆள். இவன் வேலை பிள்ளைகளை வீட்டு வாசலிலிருந்து தூக்கி ஏற்றுவது, இறக்குவது. எந்தப் பிள்ளையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும், யாருக்கு எத்தனை மணிக்கு வலிப்பு மாத்திரை, எல்லாம் வாய்ப்பாடு. காகிதமே கிடையாது. பாய்க்கும் டீச்சருக்கும் சண்டை முற்றினால் இவன்தான் தூது.

போன ஆடியில் போயிருந்தேன். டீச்சருக்கு எண்பது ஆகப்போகிறது, காது மந்தம், கரண்ட் பில் விஷயம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. பாயின் மகள் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு மரத்தூள் தட்டைக் குலுக்கிக் கொடுக்கிறாள். அவன் வேனில் முன் சீட்டில் எனக்கு இடம் போட்டான். பட்டப்பெயர் வைத்தவன் என்ற நினைப்பு அவனுக்கு இருந்ததா என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை. 2018-ல் அகலப்பாதை திறந்ததிலிருந்து வரும் எல்லா வண்டியையும் சொல்லி முடித்துவிட்டு, துபாயில் நான் எதில் வேலைக்குப் போகிறேன் என்று கேட்டான்.

"மெட்ரோ. டிரைவரே கிடையாதுலே அதுக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தான். புளியரைத் திருப்பத்தில் ஒரு பிள்ளையின் தலை கம்பியில் இடிக்காமல் கையைக் கொடுத்துக்கொண்டே கேட்டான்: "கார்டும் கிடையாதா? அப்ப எல்லாரும் ஏறியாச்சான்னு யாருலே பாப்பாரு?"