நல்லதுக்கென்று ஒரு நோட்டு

எங்கள் வார்டில் பதிவேடுகளுக்குக் குறைவே இல்லை. ஒரு குழந்தை இறந்துபோனால் எழுதவேண்டியது நிறைய. எப்போது மூச்சு நின்றது, என்ன மருந்து கொடுத்தோம், எத்தனை நிமிடம் முயற்சி செய்தோம் என்று எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. அப்புறம் அதைப் பற்றி ஆய்வுக் கூட்டமும் நடக்கும். எழுதத்தான் வேண்டும், அடுத்த குழந்தையைக் காப்பாற்ற அது உதவும். ஆனால் 1100 கிராம் எடையில் வந்த குழந்தை பிழைத்து, அம்மாவோடு வீட்டுக்குக் கிளம்பினால், பதிவேட்டில் அதற்கு ஒரே வார்த்தைதான்: டிஸ்சார்ஜ்.

நான் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் வருகிற குழந்தைகளில் பெரும்பாலானவை நல்லபடியாகத்தான் வீடு திரும்புகின்றன. ஆனாலும் நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தால், கண்ணுக்குள் வந்து நிற்பது வீட்டுக்குப் போகாமலே போன குழந்தைதான். கெட்டது மனதில் ஆழமாகப் பதியும், நல்லது சீக்கிரம் நழுவிவிடும். இது மனித சுபாவம் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் வேலையில் எழுத்தும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

எனக்கு வழி சொன்னவர் ஒரு மூத்த சிஸ்டர். "எல்லாத்துக்கும் ரெஜிஸ்டர் போடுறோம்ல, நல்லதுக்கும் ஒண்ணு போட்டு வை" என்றார். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்கினேன். அடுத்த டியூட்டிக்கு வருகிறவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அதில் எழுதுகிறேன். யாருடைய பெயரும் அதில் கிடையாது. அது நோயாளிகளுக்கு நாங்கள் செய்யவேண்டிய மரியாதை.

"இன்று நல்ல நாள்" என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது ஒன்றுமே எழும்பாது. என்ன பார்த்தோம், யார் என்ன சொன்னார்கள், எத்தனை கிராம், எத்தனை மில்லி என்று எழுதவேண்டும். சில வரிகளை அப்படியே தருகிறேன்.

"சிபேப் எடுத்தாச்சு. குழாய், பட்டை எதுவும் இல்லாமல் முகம் முழுசாகத் தெரிந்தது இன்றைக்குத்தான். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'எங்க மாமியார் மூக்கு சிஸ்டர்' என்றார்." சிபேப் என்பது மூக்கு வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுக்கு உதவும் கருவி.

"பாலாடையில் 20 மில்லி. ஒரு சொட்டு சிந்தவில்லை." பாலாடை என்பது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். இது ஏன் பெரிய விஷயம் என்றால், உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய ஒரு குழந்தைக்குக் கர்ப்பத்தின் 34ஆவது வாரம் வாக்கில்தான் பழக்கம் வரும். அதற்கு முன் குழாய் வழியாகப் பால், கொஞ்சம் தேறியதும் பாலாடை. குழாயை விட்டுப் பாலாடைக்கு மாறும்போது அந்தக் குழந்தை வீட்டை நோக்கிக் கிளம்பிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். பாட்டிகள் வீட்டில் வைத்திருந்த பாலாடை இந்த இயந்திரங்களுக்கு நடுவிலும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

"ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட பாதத்தில் தட்டவேண்டி வரவில்லை." குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளை இன்னும் முதிராததால் திடீரென மூச்சு நின்றுவிடும். பாதத்தைத் தட்டினாலோ முதுகைத் தடவினாலோ பெரும்பாலும் திரும்ப மூச்சு விடும். அப்படி எதுவும் நடக்காத ராத்திரியை யாரும் கவனிப்பதில்லை. என் நோட்டில் இந்த மாதிரி வரிகள்தான் அதிகம்.

அப்பாக்களைப் பற்றிய பக்கங்களும் உண்டு. கட்டட வேலை செய்யும் ஒருவரிடம், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்புக்கு உட்காரச் சொன்னேன். கையை விரித்துக் காட்டினார். சிமெண்ட் பட்டு வெடித்த கை. "சொரசொரன்னு இருக்கே சிஸ்டர், பாப்பாவுக்குக் குத்தாதா?" என்றார். "நெஞ்சுலதாண்ணே வைக்கப்போறோம்" என்று சொல்லிக் குழந்தையை வைத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார். எழச் சொன்னபோது கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. குழந்தையின் கால் சூடு நன்றாக ஏறியிருந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இவ்வளவு பெரிய மருத்துவத்தை ஓர் அப்பாவின் நெஞ்சு செய்கிறது என்பதை நேரில் பார்க்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய பாக்கியம்.

மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வாரம், தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதவேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதவேண்டும். அப்படிச் செய்தவர்களின் மனநிலை ஆறு மாதம் வரை மேம்பட்டிருந்தது. இதில் அந்த 'ஏன்' எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழந்தை பிறந்த எடையைத் தாண்டியது ஏன் என்று எழுத உட்கார்ந்தால், தையல் வலியோடு ராத்திரியிலும் எழுந்து பால் பீய்ச்சிக் கொடுத்த அம்மா வருவார். கை கழுவாமல் யாரையும் உள்ளே விடாத துப்புரவு அக்கா வருவார். நானும் ஒரு ஓரத்தில் இருப்பேன்.

ஒரு குழந்தையை இழந்த அன்றைக்கு நோட்டைத் திறக்கமாட்டேன். அன்றைக்கு அந்தக் குழந்தைக்காக அழவேண்டும், அது நியாயம். அடுத்த டியூட்டிக்குக் கிளம்புமுன் எடுத்து, எங்காவது ஒரு பக்கத்தைப் படிப்பேன். துக்கம் போய்விடாது. ஆனால் அந்த வார்டில் வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்பது திரும்பக் கண்ணுக்குத் தெரியும். குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கம் போய் நிற்க அது போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்று பேர் பார்க்கவேண்டிய குழந்தைகளை ஒருவர் பார்த்துக் களைத்துப்போனால், அதற்கு மருந்து நோட்டு இல்லை, ஆட்கள்தான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

இப்போது அம்மாக்களிடமும் சொல்கிறேன். வாரக்கணக்கில் இங்கே காத்திருப்பவர்கள் அவர்கள்தானே. எழுத முடியாதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்துகொள்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பவர்களிடம், "இன்னைக்கு எடை எவ்வளவுன்னு சொல்லி ஆரம்பிம்மா" என்பேன்.