எலி அண்டகத்தின் ஹார்மோன்கள்: குழப்பமில்லாமல் படிக்க ஒரு வழி

இனப்பெருக்க உடலியங்கியல் தாளில் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் பகுதி இது. பாடத்தின் கதை எளிதானதுதான், பெயர்கள்தான் மிரட்டும். எஃப்எஸ்எச், எல்எச், புரோலாக்டின் (மூன்றும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள்), இன்ஹிபின், ஏஎம்எச், ஐஜிஎஃப்-1, ஜிடிஎஃப்-9, கிட் லிகண்ட் (இவை பெரும்பாலும் அண்டகத்துக்குள்ளேயே உருவாகும் செய்திப் புரதங்கள்) என்று வரிசையாக எழுதி, எதிரே அதன் வேலையைக் குறித்து மனப்பாடம் செய்தால், தேர்வு அறையில் பாதிப் பெயர்கள் இடம் மாறி நிற்கும். நான் அந்த அட்டவணையை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு பெயரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் படித்தேன்: இது இல்லாவிட்டால் ஃபாலிக்கிள், அதாவது அண்டச்செல்லும் அதைச் சூழ்ந்த செல்களும் சேர்ந்த பை, வளர்ச்சியில் எங்கே நின்றுபோகும்?

ஒரு தாளில் நீளமாகக் கோடு போடுங்கள். ஆதி ஃபாலிக்கிள், முதல்நிலை, இரண்டாம்நிலை, குழி விட்ட (உள்ளே திரவம் நிறைந்த) ஃபாலிக்கிள், அண்டம் வெளிவருதல், கார்பஸ் லூட்டியம் (அண்டம் போன பிறகு ஃபாலிக்கிள் மாறும் சுரப்பி). இனி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை இந்தக் கோட்டில் நிறுத்துங்கள். அண்டச்செல்லே சுரக்கும் ஜிடிஎஃப்-9 இல்லாத சுண்டெலியில் ஃபாலிக்கிள் அண்டச்செல்லைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்கள் ஒரே அடுக்காக இருக்க, முதல்நிலையில் நின்றுவிடுகிறது. இது 1996இல் வெளியான முடிவு. எஃப்எஸ்எச்சின் பீட்டா துணையலகு இல்லாத சுண்டெலியில், 1997இல் காட்டியபடி, குழி விடுவதற்கு முந்தைய கட்டம் வரை வளர்ச்சி நடக்கிறது, அதற்கு மேல் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஒரு பெரிய உண்மை தானாக வந்துவிடும்: ஆரம்ப வளர்ச்சிக்கு பிட்யூட்டரியின் உத்தரவு தேவையில்லை, அண்டகத்துக்குள் நடக்கும் பேச்சுவார்த்தையே போதும். பிட்யூட்டரி எடுக்கப்பட்ட எலியிலும் இதே கதைதான். விடையில் இந்த வரியை எழுதுபவர் புரிந்து படித்தவர் என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

ஐஜிஎஃப்-1 இல்லாத சுண்டெலியும் ஏறக்குறைய எஃப்எஸ்எச் இல்லாத சுண்டெலி நிற்கும் இடத்தில்தான் நிற்கும். ஏன் என்று கேளுங்கள். ஐஜிஎஃப்-1 இருந்தால்தான் கிரானுலோசா செல்லில் எஃப்எஸ்எச் ஏற்பி போதுமான அளவு உருவாகும். ஹார்மோன் இருந்தும் கேட்கும் காது மந்தம். அதனால்தான் வெளியிலிருந்து கொனடோட்ரோபின் (எஃப்எஸ்எச், எல்எச் வகை ஹார்மோன்) ஊசி போட்டாலும் இந்தச் சுண்டெலியில் அண்டம் வெளிவருவதில்லை. ஏஎம்எச் இதற்கு நேரெதிர், அது ஒரு தடுப்பு. அதை நீக்கினால் ஆதி ஃபாலிக்கிள்கள் வேகமாக விழித்துக்கொண்டு சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். அண்டச்செல்லுக்குள் இருக்கும் பிடென், ஃபாக்ஸோ-3 ஆகிய புரதங்களும் இதே தடுப்பு வரிசையில்தான் வரும்.

ஜிடிஎஃப்-9 போலவே அண்டச்செல் சுரக்கும் பிஎம்பி-15இல் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அது இல்லாத பெண் சுண்டெலி ஓரளவு கருவளம் குறைந்தாலும் குட்டி போடும். செம்மறியில் அந்த மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் முழு மலடு. ஒன்று மட்டும் பழுதானால் வழக்கத்தைவிட அதிக அண்டங்கள் வெளிவரும். கேள்வி எந்த விலங்கைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறப்பது நல்லது.

அடுத்து நேரம். எலியின் சுழற்சி 4 முதல் 5 நாள்; புரோஈஸ்ட்ரஸ், ஈஸ்ட்ரஸ், மெட்டஸ்ட்ரஸ், டைஈஸ்ட்ரஸ் என்பவை அதன் கட்டங்கள். புரோஈஸ்ட்ரஸ் நாளின் பிற்பகலில் எல்எச் பொங்கும் (அளவு திடீரென உயரும்), சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்து, ஈஸ்ட்ரஸ் நாளின் அதிகாலையில், அண்டம் வெளிவரும். 1950இல் எவரெட், சாயர் இருவரும் செய்த சோதனையை அவசியம் எழுதுங்கள்: புரோஈஸ்ட்ரஸ் அன்று பிற்பகல் 2 மணிக்கு பார்பிச்சுரேட் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து அந்தப் பொங்கலைத் தடுத்தால், அது சில மணி நேரம் தாமதமாக வருவதில்லை, சரியாக 24 மணி நேரம் தள்ளிப்போகிறது. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது, மூளையின் நாள் கடிகாரமும் அனுமதி தரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பாடத்தில் இல்லை என்பது என் கருத்து.

இந்த எல்எச் செய்தி அண்டச்செல்லுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அண்டச்செல்லிலோ அதைச் சூழ்ந்த கியூமுலஸ் செல்களிலோ எல்எச் ஏற்பி அநேகமாக இல்லை. ஃபாலிக்கிளின் சுவரோரக் கிரானுலோசா செல்கள்தான் செய்தியைப் பெறுகின்றன. அவை ஆம்பிரெகுலின், எபிரெகுலின், பீட்டாசெலுலின் என்ற மூன்று வளர்ச்சிக் காரணிகளை வெளியிட, அவை கியூமுலஸ் செல்களின் ஈஜிஎஃப் ஏற்பியைத் தூண்டுகின்றன. கியூமுலஸ் விரிகிறது, அண்டச்செல் குன்றல் பிரிவைத் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவை) தொடர்கிறது. அதுவரை அந்தப் பிரிவைப் பிடித்து வைத்திருந்தது யார்? அதே சுவரோரச் செல்கள் சுரந்த சிஎன்பி என்ற சிறு புரதம். அது கியூமுலஸில் சைக்ளிக் ஜிஎம்பி என்ற செய்தி மூலக்கூறை உண்டாக்கும், அது அண்டச்செல்லுக்குள் கசிந்து, சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பிடிஈ-3ஏ நொதியை அடக்கும், அதனால் சைக்ளிக் ஏஎம்பி உயர்ந்தே இருந்து பிரிவை நிறுத்தி வைக்கும். எல்எச் வந்ததும் இந்தப் பிடி தளர்ந்துவிடும். இதை அம்புக்குறி போட்டு வரைந்தால் ஒரு பக்க விடை அரைப் பக்கத்தில் முடியும்.

ஃபாலிக்கிளின் வெளிப்புறத்தில் உள்ள தீக்கா செல் எல்எச்சால் ஆண்ட்ரோஜன் செய்கிறது, கிரானுலோசா செல் எஃப்எஸ்எச்சால் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது என்ற இரு செல் கோட்பாடு எல்லாப் பாடநூலிலும் இருப்பதால் இங்கே நீட்டவில்லை. அண்டம் வெளிவந்ததும், எஃப்எஸ்எச்சை அடக்கும் இன்ஹிபின் சரிந்து, எஃப்எஸ்எச் இரண்டாம் முறை உயர்ந்து அடுத்த ஃபாலிக்கிள் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் விட்டுவிடுவார்கள்.

கார்பஸ் லூட்டியத்தில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது, மனித உடலியங்கியல் உள்ளே நுழைந்துவிடுவதால். இணையாத எலியில் கார்பஸ் லூட்டியம் அதிக நாள் புரோஜெஸ்டிரான் தருவதில்லை. 20 ஆல்ஃபா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதைச் செயலற்றதாக்கிவிடும். இணைசேரும்போது கருப்பை வாய் தூண்டப்பட்டால் புரோலாக்டின் நாளுக்கு இருமுறை பொங்கி அந்த நொதியை அடக்குகிறது. கரு உருவாகாவிட்டாலும் எலியில் சுமார் 12 முதல் 14 நாள் பொய்க் கர்ப்பம் நீடிக்கும். கர்ப்பம் முழுவதும் புரோஜெஸ்டிரானுக்கு எலி நம்பியிருப்பது கார்பஸ் லூட்டியத்தைத்தான். மனிதரில்போல நஞ்சுக்கொடி பொறுப்பேற்றுக்கொள்வதில்லை.

இதைப் படித்த பிறகு செய்முறை வகுப்பும் வேறு மாதிரி தெரியும். சுழற்சியின் கட்டத்தை அறிய யோனிப் பூச்சு (யோனிச் செல்களின் மாதிரி) எடுக்கும்போது சொட்டுக்குழாயின் நுனியை ஆழமாக விடாதீர்கள் என்று சொல்வது ஏன்? கருப்பை வாயைத் தொட்டால் அந்த எலி பொய்க் கர்ப்பத்துக்குப் போய்விடும், அதன் பிறகு நாள்கணக்கில் வெள்ளணுக்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உட்கரு உள்ள எபிதீலிய செல்கள் தெரிந்தால் புரோஈஸ்ட்ரஸ், உட்கரு இல்லாத கெட்டித்த செதில் செல்கள் ஈஸ்ட்ரஸ், எல்லாம் கலந்திருந்தால் மெட்டஸ்ட்ரஸ், வெள்ளணுக்கள் நிறைந்தால் டைஈஸ்ட்ரஸ். தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு நாள் பூச்சை மட்டும் பார்த்து முடிவு எழுதாமல், தொடர்ந்து இரண்டு சுழற்சிகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாய்மொழித் தேர்வில் அதிக அண்டம் வெளிவரச் செய்யும் முறையைக் கேட்பார்கள். பருவமடையாத சுண்டெலிக்கு முதலில் ஈசிஜி (குதிரையின் கர்ப்பகால ஹார்மோன்), சுமார் 48 மணி நேரம் கழித்து எச்சிஜி (மனிதரின் கர்ப்பகால ஹார்மோன்), பொதுவாகத் தலா 5 அலகு. முதலாவது எஃப்எஸ்எச் வேலையைச் செய்கிறது, இரண்டாவது எல்எச் பொங்கலின் இடத்தில் நிற்கிறது. ஏன் பருவமடையாத சுண்டெலி என்று அடுத்த கேள்வி வரும்: அதற்குச் சொந்தச் சுழற்சி இன்னும் தொடங்காததால், ஊசியின் நேரக்கணக்கில் உள்ளிருந்து குறுக்கீடு வராது.