டிரைவர் தூங்கினாரா என்று யார் கேட்பது?

ஷூட்டிங்குக்கு வேன் ஓடுகிறேன் என்று சொன்னால் ஹட்டனில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த நடிகையை ஏற்றினாய் என்பதுதான். நான் ஏற்றியதில் முக்கால்வாசி லைட் ஸ்டாண்டும் குடையும் சோற்றுப் பார்சலும். மிச்சம், மேக்கப் பெட்டிமேல் தலையைச் சாய்த்துத் தூங்கும் பையன்கள். நடிகைகளுக்குத் தனிக் கார் வரும்.

சுற்றுலா ஹயர் படுத்துப்போன காலத்தில் இந்தப் பக்கம் வந்தேன். கொழும்பு டெலிநாடகக் குழுக்கள், விளம்பரக் கம்பனிகள், எப்போதாவது பாட்டு எடுக்க இந்தியாவிலிருந்து ஒரு கோஷ்டி. எல்லாருக்கும் தேயிலை, மூடுபனி, நீர்வீழ்ச்சி, ரயில் நாலும் ஒரே நாளில் வேண்டும். காசு மோசமில்லை, ஆட்களும் சுவாரசியமானவர்கள். எனக்கு ஒத்துவராதது அவர்களுடைய நேரக் கணக்கு.

ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். யூனிட் தங்குவது நுவரெலியாவில், லொகேஷன் நோர்வூட் பக்கம். விடியும்போது முதல் ஷாட். அதற்கு முன்னால் மேக்கப், அதற்கு முன்னால் லைட் இறக்கவேண்டும். அப்படியென்றால் வேன் மூன்று மணிக்குப் புறப்படவேண்டும், டிரைவர் இரண்டரைக்கு எழும்பவேண்டும். மாலை ஆறுக்குப் பேக்கப் என்று தாளில் இருக்கும். "இன்னும் ஒரே ஒரு ஷாட்" ஏழரை வரை போகும். கேபிள் சுருட்டி ஏற்றி, மழையில் திரும்பிவந்து, இரண்டு ஹோட்டலில் ஆட்களை இறக்கி, டீசல் அடித்து, நான் சாயும்போது பதினொன்றரை. தாளில் 12 மணி நேர வேலை, எனக்கு 21 மணி நேரம். கேமரா ஓடும் நேரம்தான் இவர்களுக்கு வேலை, வேன் ஓடும் நேரம் யார் கணக்கிலும் வராது.

சாய்வது எங்கே என்பது அடுத்த கேள்வி. "டிரைவருக்கு ரூம் எதுக்கு, வேனிலேயே படுத்துக்குவார்" என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். நுவரெலியா ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் ஊர். கே.டி.எச். வேனின் பின் சீட்டைச் சாய்த்து, யூனிட்டின் கறுப்புத் துணியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுத்தாலும் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் பயம். விடிகாலையில் கண்ணாடியின் உட்புறம் மூச்சுத்தண்ணி வடிந்துகொண்டிருக்கும், பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவேண்டும். அந்தக் கண்ணோடுதான் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக இறங்குகிறேன்.

தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமமாகிவிடுமாம். நான் குடித்துவிட்டு வந்தால் எந்த மேனேஜரும் சாவியைத் தரமாட்டார். தூங்காமல் வந்தால் "அண்ணே நல்லா வேலை செய்றார்" என்று தட்டிக்கொடுப்பார்.

இந்தப் பாதைகளைப் பற்றி மலையகத்தாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2025 மே 11 விடியற்காலையில் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அது சினிமா வண்டி இல்லைதான். ஆனால் எங்கள் வண்டிகளும் அதே பாதையில், அதே நேரத்தில்தான் ஓடுகின்றன. ஜெனரேட்டர் லொறி ஓட்டும் என் நண்பர் ஒருவர் ஒருமுறை கண் அசந்து மண்மேட்டில் மோதினார். மேட்டுப்பக்கம் போனதால் லொறிக்கு மட்டும் அடி. அன்றைக்கு எல்லாரும் பேசியது, ஜெனரேட்டர் இல்லாமல் இரவு சீன் எப்படி எடுப்பது என்பதைத்தான்.

இது நம் ஊர்ச் சீரழிவு மட்டுமல்ல. 1997 மார்ச்சில் அமெரிக்காவில் பிரெண்ட் ஹெர்ஷ்மன் என்ற உதவிக் கேமராக்காரர் 19 மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது தூங்கிப்போய் இறந்தார். ஹொலிவுட்டின் பெரிய ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான ஹாஸ்கெல் வெக்ஸ்லர் அதற்குப் பிறகு வேலை நேரத்தைக் குறைக்கச்சொல்லி வருடக்கணக்காக வாதாடினார், அதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுத்தார். ஐரோப்பாவில் ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையில் 11 மணி நேர ஓய்வு என்று பொதுவான தொழில் சட்டமே சொல்கிறது. நம் யூனிட்களில் 11 மணி நேரம் கேட்டால் சிரிப்பார்கள். ஏழு கேட்டுப் பார்த்தேன், அதற்கும் சிரித்தார்கள்.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது கித்துல்கலையில் டீ குடிக்காத யூனிட் கிடையாது. டீக் கோப்பையோடு ஆற்றைக் காட்டி, "இங்கேதான் அந்தப் பாலத்தை வெடிக்கவைத்தார்கள்" என்று யாராவது தொடங்குவார். 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தைச் சொல்கிறார்கள். ஆஸ்கார் கதையெல்லாம் வரும். அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒருவர் லொகேஷனுக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்ததை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கும் ஆளைக் கொன்றது ரோடுதான்.

அதே படத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் இருக்கிறது. 1957 மார்ச்சில் பாலத்தை வெடிக்கவைக்கும் நாள். பல இடங்களில் கேமரா. ஒவ்வொரு கேமராக்காரரும் கேமராவை ஓடவிட்டு, பதுங்குமிடத்துக்குள் போய், ஒரு சுவிட்சை அமுக்கவேண்டும். அமுக்கினால் வெடிவைப்பவர் பக்கம் ஒரு விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் வெடி. பிரதமர் பண்டாரநாயக்கா உட்பட பெரிய கூட்டம் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறது. ரயில் புறப்பட்டு வருகிறது. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. ஒரு கேமராக்காரர் சுவிட்சை அமுக்க மறந்துவிட்டார் என்பது அப்புறம்தான் தெரியும். அந்த நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார், பாலத்துக்குப் பக்கத்திலா பள்ளத்துக்குள்ளா என்று யாருக்கும் தெரியாது. வெடி வைக்கவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் மறுபக்கத்தில் ஜெனரேட்டரில் மோதியது. அதைச் சரிபண்ணி மறுநாள்தான் வெடித்தார்கள்.

எவ்வளவு காசு அது! இருந்தும், பிரதமரே உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஆளின் விளக்கு எரியாததற்காக நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் யூனிட்களில் இல்லாதது அந்த விளக்குதான். எனக்கில்லை, லைட் பையன்களுக்கில்லை, தோட்டத்திலிருந்து கூட்டிவரும் பெண்களுக்கு இல்லவே இல்லை.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தேயிலைக்குள் பாட்டு என்றால் பின்னால் கொழுந்து பறிக்க முப்பது நாற்பது பேர் வேண்டும். அதற்கென்று ஊரில் ஒரு ஆள் இருப்பார். லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) போய்த் தலை எண்ணிக் கூட்டிவருவார், யூனிட் தரும் காசில் தலைக்கு இவ்வளவு என்று தனக்கு எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்துக் கங்காணி இப்போது மோட்டார்சைக்கிளில் வருகிறார், அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் ரோட்டில் நின்று, 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் நாள் சம்பளம் என்று வர்த்தமானி பார்த்த சனம் அது. கூடக் கொஞ்சம் கிடைக்கும் என்றால் வரத்தான் செய்வார்கள். சொந்தச் சேலை, சொந்தக் கூடை. செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், அதுதான் 'நேச்சுரல்' என்று. ஈரச் சரிவில் வெறுங்கால், அட்டைக்கடி வேறு.

ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிவரை சாக்கின் கீழ் நின்றார்கள். அப்புறம் ஷூட்டிங் கேன்சல், பாதிக் காசு என்றார் அந்த ஆள். "இங்கயும் அரைப்பேரா தம்பி?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அரைப்பேர் என்றால் தோட்டத்தில் அரைநாள் சம்பளம். மழை கொட்டினாலும் கேமராக்காரருக்கு முழுநாள் காசு என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்னொருவர் "ஈ.பி.எஃப். புடிப்பாங்களா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். தோட்டத்தில் எவ்வளவு குறை இருந்தாலும் செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பேர் இருக்கும், சம்பளத்தில் தொழிலாளி எட்டு சதவீதம், கம்பனி பன்னிரண்டு சதவீதம் என்று ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதியில் ஏறும். இங்கே பேர்கூடக் கேட்பதில்லை. வேலையில் அடிபட்டால் நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1934 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. யாரிடம் வேலை செய்தோம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் அந்தச் சட்டத்தை எங்கே கொண்டுபோய் நீட்டுவது?

கழிவறை கிடையாது. உடை மாற்ற, என் வேனின் பின்கதவைத் தூக்கிப் பெட்ஷீட் கட்டிக்கொடுப்பேன். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளாவில் 2017இல் போட்ட ஹேமா கமிட்டி 2019இல் அறிக்கை கொடுத்து, 2024 ஆகஸ்டில்தான் அது வெளியே வந்தது. பாலியல் தொல்லை பற்றிய பகுதிகளைத்தான் எல்லாரும் பேசினார்கள், பேசவேண்டியதும்தான். அதே அறிக்கையில், லொகேஷனில் கழிவறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்றும் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மலையில் கொழுந்தெடுத்த என் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. தண்ணீர் போத்தல் கொண்டுபோவார், அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்.

அந்த விளக்கு எரிந்த நாளும் ஒன்று உண்டு. ட்ரோன் பையன் பள்ளத்துக்கு மேலே நின்ற ஒரு பெரிய மரத்தைச் சுற்றிப் பறக்கவிடப்போனான். கொழுந்துக் கூட்டத்தில் வயதான ஒரு அம்மா கையைக் கையை ஆட்டினார். மரத்தில் குளவிக்கூடு. மலையில் குளவி கொட்டிச் செத்தவர்கள் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பையனுக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும், அம்மாவுக்கு வேகமாகச் சிங்களம் வராது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் நல்ல பையன், உடனே இறக்கிவிட்டான். டைரக்டர்தான் "யார் ஷாட்டை நிறுத்தினது?" என்று மைக்கில் கத்தினார். அப்புறம் தொலைநோக்கி வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கேமராவை எதிர்ச்சரிவுக்கு மாற்றச்சொன்னார். எந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த முப்பது பேரைக் காலையிலேயே கூட்டிவைத்திருக்கிறார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை.

ரயில் கதை இதைவிட மோசம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் அனுமதி வாங்காமல் "ரெண்டே நிமிஷம், அடுத்த ரயில் வர நேரமிருக்கு" என்று ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2014இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் இதேமாதிரி ரயில்வே அனுமதி இல்லாமல் பாலத்தில் ஏறி எடுத்தார்கள். இரண்டு ரயில்தான் வரும் என்று சொன்னார்களாம். மூன்றாவதும் வந்தது. சேரா ஜோன்ஸ் என்ற 27 வயது கேமரா உதவியாளர் இறந்தார். இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். பாலத்துக்கு யூனிட் இறக்கும்போதெல்லாம் இதைச் சொல்வேன். "அண்ணே, காலையிலேயே ஏன்?" என்பார்கள்.

மேனேஜர்களை மட்டும் திட்டி என்ன பயன்? டெலிநாடகக்காரருக்கு எபிசோட்டுக்கு இவ்வளவு என்று சேனல் வெட்டிக்கொடுத்துவிடுகிறது, அந்தக் காசும் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது டிரைவர் என்றால் அவர்கள் கைக்காசு. ஆனால் ஹீரோவின் நாய்க்கு ரூம் போட்ட ஒரு யூனிட்டில் நான் வேனில் படுத்திருக்கிறேன், ஆகவே எல்லாமே காசுப் பிரச்சினை என்றும் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெளிநாட்டு விளம்பரக் கோஷ்டி ஒன்று வந்தபோது, காலையில் ஐந்து நிமிடம் எல்லாரையும் நிற்கவைத்து, இன்றைக்கு எங்கே வழுக்கும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், யார் நிறுத்தச்சொன்னாலும் நிறுத்தவேண்டும் என்று சொன்னார்கள். டிரைவர்கள் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று ஒரு பெண் எழுதிக்கொண்டாள். இதற்கெல்லாம் என்ன பெரிய செலவு? ஒரு பேனா.

இப்போது ஹயர் பேசும்போது நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படுக்க ரூம், இரவு இறக்கியதற்கும் காலை எடுப்பதற்கும் இடையில் எட்டு மணி நேரம், அது முடியாவிட்டால் இரண்டாவது டிரைவர், எல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில். சிலர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் ஹப்புத்தளையில் ஒரு விளம்பர வேலை வந்திருக்கிறது. ரூமுக்குச் சரி என்றுவிட்டார்கள், எட்டு மணி நேரத்துக்கு ஏழு என்று பேரம் முடிந்தது. கொழுந்து சீனுக்கு நாற்பது பெண்கள் என்றார் மேனேஜர். கழிவறைக்கு என்ன ஏற்பாடு, காசை அவர்கள் கையிலேயே கொடுப்பீர்களா என்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக்கோடு விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. நாளைக்கு மறுபடி கேட்பேன்.