கால் போன பிறகு: பாம்பன் கரையிலிருந்து என் அனுபவம்

நான் கடல்பாசி எடுக்கிறவள். பதினாறு வயதில் அம்மாவோடு பாம்பன் கடலில் இறங்கினேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விரல்களில் துணி சுற்றி, செருப்பைக் கயிற்றால் காலோடு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்குவோம். பாரில் (கடலடிப் பாறையில்) ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போடுவோம். இப்போது எனக்கு 47 வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எடுத்து இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் தெருவிலேயே சர்க்கரையால் காலை இழந்த இன்னொருவர் இருக்கிறார். இன்னும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். என் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியும் சொல்வேன். அதை விட்டுவிட்டால் நடந்ததில் பாதியைத்தான் சொன்னதாக ஆகும்.

அந்த செப்டம்பரில் செருப்புக் கயிறு அறுந்து, பார் குத்திவிட்டது. உள்ளங்காலில் ஒரு விரற்கடை நீளக் காயம். உப்புத் தண்ணீர் பட்டும் எரியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். சர்க்கரையால் காலில் உணர்ச்சி செத்துப்போனதால்தான் எரியவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போகிற நாட்களில் தலை சுற்றும் என்று போடாமல் விட்டிருக்கிறேன். காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். அப்புறம் ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று வாரம் கட்டு மாற்றினார்கள். சர்க்கரை எவ்வளவு என்று அவர்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானும் வாய் திறந்து சொல்லவில்லை. இரண்டு விரல் கறுத்து, வாடை வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"காலை எடுத்தால் உயிர் நிற்கும். விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார். நானே போட்டேன். அன்று சாயங்காலம் எங்கள் பங்குச் சாமி (பாதிரியார்) வந்து நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிச் செபித்தார். அந்த எண்ணெயைத் துடைக்கவே மனசில்லாமல், கையை மூடிக்கொண்டே படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி, இல்லாத கட்டைவிரல் அரித்தது. போர்வைக்குள் கையை விட்டுத் தேடினேன். மெத்தைதான் இருந்தது. அரிப்பு மட்டும் நிற்கவில்லை. அப்புறம் பாதத்தை யாரோ கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி வலி. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அப்படி இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். காலை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த உணர்வு வரும். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறதாம். பிசியோதெரபி செய்த பெண் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இடது காலை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாள். கண்ணாடிக்குள் என் வலது கால் விரல்களை விரித்து மடக்கியது. முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்வது போலிருந்தது. வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற தமிழ் மருத்துவர் 1990களில் கொண்டுவந்த முறை இது என்று அவள்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்காதாம். எனக்குப் பாதி கேட்டது. மீதி வலிக்கு மாத்திரை.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நல்ல மனசோடு வந்தவர்கள்தான். "வேளாங்கண்ணிக்கு ஏதாவது நேர்ச்சை நேர்ந்து முடிக்காமல் விட்டியா, யோசிச்சுப் பாரு" என்றார் ஒரு பெரியம்மா. நானும் ஒரு வாரம் யோசித்தேன். செய்யாமல் விட்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். வேறொருவர் தலையில் கைவைத்துச் செபித்துவிட்டு, உண்மையான விசுவாசம் இருந்தால் இந்தக் கால் வளரும் என்றார். காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. நோயாளியிடம் தயவுசெய்து யாரும் அப்படிப் பேசாதீர்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவர் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். யோவான் 9-ஆம் அதிகாரம்.

என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் மத்தியானம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இருக்கிற காலைப் பிடித்துவிடுவார். செபமாலை மடியில் கிடக்கும். பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா? அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குச் செபம் வரவில்லை. வாய் சொல்லும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதைக் கான்வென்ட் சிஸ்டரிடம் சொன்னபோது திட்டுவார் என்று நினைத்தேன். பைபிளில் 88-ஆம் திருப்பாடலை எடுத்துக் கொடுத்தார். "இது இருட்டிலேயே முடியும்மா. கடைசிவரை ஆறுதல் கிடையாது. வெள்ளிக்கிழமை ராத்திரிச் செபத்தில் நாங்க இதைத்தான் சொல்றோம்" என்றார். வாசித்தேன். கடவுளைப் பார்த்து, என்னை ஏன் தள்ளினீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று ஒருவர் கேட்கிறார். பதில் வரவில்லை. ஆனாலும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. அன்று ராத்திரி நான் கடவுளிடம் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் உள்ளதைச் சொல்லிச் செய்த முதல் செபம் அதுதான்.

பிப்ரவரியில் ஓரியூர் போனோம். கட்டைக்கால் இன்னும் வரவில்லை, கக்கத்துக் கட்டையோடுதான் போனேன். (கட்டையில் நடக்கும்போது எடையைக் கையில் தாங்க வேண்டும். கக்கத்தில் சாய்ந்தால் நரம்பு மரத்துப்போகும்.) 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியக் குருவை) வெட்டிய இடம் அது. லிஸ்பனில் 1647-இல் பிறந்து, மறவர் சீமையில் கால் தேய நடந்த மனுஷன். அந்தச் செம்மண்ணைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். தலையை வெட்டிய பிறகு அவருடைய கைகளையும் கால்களையும் வெட்டினார்கள் என்பது எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அன்றுதான் அது காதில் விழுந்தது. கட்டைகளை மகளிடம் கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தேன். சுகம் கேட்கவில்லை. "உங்களுக்கும் எடுத்தாங்களா" என்று மட்டும் கேட்டேன். எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது. மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மார்ச்சில் செயற்கைக் கால் வந்தது. ராமநாதபுரத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு செய்திருந்தோம். மருத்துவச் சான்றில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று இருந்தால்தான் உதவிகளுக்கு வழி பிறக்கும். ஆகவே அடையாள அட்டை வேலையைக் காயம் ஆறும்போதே தொடங்கிவிடுங்கள். நான் மனசு சரியில்லை என்று இரண்டு மாதம் வீணாக்கினேன்.

கால் வந்த அன்றே நடந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மிச்சக் காலை அதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும். க்ரேப் பேண்டேஜை எட்டுப் போடுகிற மாதிரி குறுக்கே குறுக்கே சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே வரவரத் தளர்வு. சும்மா வட்டமாகச் சுற்றினால் ரத்தம் கட்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் எந்தக் காலும் பொருந்தாது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வேண்டும். மிச்சக் காலை ராத்திரியில்தான் கழுவ வேண்டும். காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் உரியும். பகலில் கால் சுருங்கி சாக்கெட் (மிச்சக் காலை நுழைக்கிற கூடு) லொடலொடவென்று ஆகும், அப்போது இன்னொரு சாக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரி ஒரு கைக்கண்ணாடியை வைத்து அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே கண்ணாடியில் இருக்கிற காலின் உள்ளங்காலையும் பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் ஊரில் சிரமம் மணல்தான். சிமெண்டுத் தரையில் ஒரு மாதத்தில் நடந்தேன். வீட்டிலிருந்து கரை வரை மணலில் நடக்க ஐந்து மாதம் ஆனது. ரப்பர் பாதம் புதையும், இழுக்கும்போது சாக்கெட் கழன்று வரும். ஆறு தடவை விழுந்தேன். சிலுவைப்பாதையில் ஆண்டவர் மூன்று தடவை விழுகிறார். மூன்றாம் நிலை, ஏழாம் நிலை, ஒன்பதாம் நிலை. ஒவ்வொரு வருடமும் சொல்லிவந்த செபம்தான். அந்தப் பெரிய வெள்ளியன்று ஒன்பதாம் நிலையில் எல்லாரும் முழந்தாள்படியிட, என்னால் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இல்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நற்செய்தி ஒவ்வொரு வருடமும், உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்ற சீடர் தோமாவின் கதைதான். என் மனதில் ஒரு கேள்வி பல மாதமாகக் கிடந்தது. என் காலை ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உடல் உயிர்ப்பை நம்புகிறேன் என்று வாரா வாரம் சொல்கிறோமே, அந்தக் கால்? பூசை முடிந்து சாமியிடம் கேட்டேன். "எப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா இன்னைக்கு வாசிச்சதைப் பாருங்க. சாவையே ஜெயிச்சு எழுந்தவர் கையில ஆணித் தழும்பு அப்படியே இருந்துச்சு. அதை மறைக்காம, தொட்டுப் பாருன்னு நீட்டினார்" என்றார்.

வீட்டுக்கு வந்து செயற்கைக் காலைக் கழற்றி அந்தத் தழும்பை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். அதுவரை கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். வளைந்து, ஒரு ஓரத்தில் சுருக்கம் விழுந்து, மீன் செதில் மாதிரி பளபளப்பாக இருந்தது. ஆண்டவர் உயிர்த்த உடலில் காயத்தை வைத்துக்கொண்டார் என்றால், இதுவும் அவர் பார்வையில் வீணானது இல்லை. என் நம்பிக்கை இதில்தான் நிற்கிறது. கால் ஏன் போனது என்பதற்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அது கிடைக்காமலேயே வாழ முடிகிறது.

முங்கிப் பாசி எடுக்க இனி முடியாது. இப்போது கரையில் கொட்டகைக்குள் உட்கார்ந்து வளர்ப்புப் பாசிக்குக் கயிறு கட்டுகிறேன். பாசியைத் துண்டு துண்டாக ஒடித்து, கயிற்றில் வரிசையாகக் கட்டி, மூங்கில் மிதவையில் இழுத்துக் கட்டிக் கடலில் விடுவார்கள். 45 நாளில் ஒவ்வொரு துண்டும் பெரிய கொத்தாகிவிடும். கூலி முன்னைவிடக் குறைவுதான். கடல் காற்று அதே காற்று.

போன வாரம் பக்கத்துக் குப்பத்தில் ஒரு விசைப்படகுத் தம்பிக்குக் காலை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். விஞ்ச் (வலை இழுக்கிற இயந்திரம்) கயிற்றில் மாட்டியதாம். இரண்டு க்ரேப் பேண்டேஜ் வாங்கிக்கொண்டு போனேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். முழங்காலுக்கு அடியிலிருந்த தலையணையை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். கிளம்பும்போது சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா, இல்லாத விரல் அரிக்குது. உங்களுக்கும் அரிச்சுதா?"

மறுபடியும் உட்கார்ந்தேன்.

"அரிச்சுது தம்பி. இன்னைக்குக் காலையிலகூட அரிச்சுது."