பழ வேகன்: உட்புறம் முடிந்தது, கூரை பாக்கி

இந்த வேகனுக்கு ஒரு பக்கச் சுவர் வைக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். 1:87 அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்காக, நான் மாதிரி கட்டிக்கொண்டிருப்பது பசிபிக் ஃபுரூட் எக்ஸ்பிரஸின் 40 அடி மர வேகன், ஐஸ் வைத்துப் பழத்தைக் குளிர்விக்கும் ரயில் பெட்டி. என் மேசையில் அதன் நீளம் 14 செ.மீ. கலிபோர்னியாவில் விளையும் பழங்களைக் கிழக்கு நகரங்களுக்குக் கொண்டுசெல்ல யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் ஆகிய இரு ரயில்வேக்கள் 1906இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. மறு ஆண்டு 6,600 வேகன்களுடன் வேலையைத் தொடங்கியது. வெளித்தோற்றத்தை எத்தனையோ பேர் அருமையாகச் செய்திருக்கிறார்கள். எனக்கு உள்ளே காற்று போகும் வழியைக் காட்ட வேண்டும்.

இரு முனைகளிலும் ஐஸ் அறை. ஒவ்வொன்றுக்கும் கூரையில் இரண்டு மூடிகள். ஐஸ் அறைக்கும் பழப்பெட்டிகளுக்கும் நடுவில் உள்ள தடுப்பில் மேலும் கீழும் திறப்பு உண்டு. பறித்த பிறகும் பழம் சுவாசிக்கிறது, வெப்பத்தை விடுகிறது. சூடேறிய காற்று மேலே எழும்பி மேல் திறப்பு வழியாக ஐஸ் அறைக்குள் போகிறது. அங்கே குளிர்ந்து, கனத்து, கீழ்த் திறப்பு வழியாக வெளியேறிப் பெட்டிகளின் அடியில் பரவுகிறது. மோட்டார் கிடையாது. சக்கரச் சுழற்சியில் ஓடும் விசிறிகள் பரவலாக வந்தது 1940களில்தான். இத்தனை எளிய ஏற்பாடு கண்டம் கடந்து பழத்தைக் காத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அதனால் தரைச் சட்டங்களுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். மெல்லிய மரச்சீவல்களை இடைவெளி விட்டு ஒட்டி, தரையிலிருந்து சற்றே உயர்த்தியிருக்கிறேன். பழப்பெட்டிகளையும் நெருக்கி அடுக்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே காற்றுக்குச் சந்து வேண்டும்.

ஆனால் குளிர் மட்டும் போதாது. 1904 முதல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஹெரால்டு பவல் கலிபோர்னியாவில் ஆரஞ்சு அழுகலை ஆராய்ந்தார். பறிக்கும்போதும் பெட்டியில் அடுக்கும்போதும் தோலில் விழும் கீறல் வழியாகவே பூஞ்சை நுழைகிறது என்று கண்டார். வேகனில் ஏற்றும் முன்பே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது! தோட்டத் தொழிலாளரின் கைப்பக்குவத்துக்கு இந்த வரலாற்றில் உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

ஐஸ் கட்டிகளை 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் அறுத்தேன். கலிபோர்னியாவின் ரோஸ்வில் போன்ற ஊர்களில், வேகன்களுக்கு ஐஸ் நிரப்பும் நிலையங்களில் ஒரு கட்டி சுமார் 136 கிலோ. கூரை உயரத்துக்குக் கட்டிய நீண்ட மேடையில் அதைத் தள்ளிவந்து, ஈட்டி போன்ற கோலால் உடைத்து அறைக்குள் இறக்குவார்கள். வழி நெடுக இப்படி மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். அறுத்த விளிம்புகளைத் தேய்த்து மங்கலாக்கியதும் உண்மையான ஐஸ் போலவே தெரிகிறது.

வண்ணம், 1929க்குப் பிந்தைய ஆரஞ்சு. ஒரு பக்கம் யூனியன் பசிபிக் முத்திரையும் மறுபக்கம் சதர்ன் பசிபிக் முத்திரையும் இருந்த காலம் அது. ஒரு சுவர்தான் என்பதால் சதர்ன் பசிபிக்கைத் தேர்ந்தேன். ரோஸ்வில் அதன் பாதையில் இருந்த ஊர்.

அடுத்தது கூரை மூடிகள். ஐஸ் தேவைப்படாத சரக்குக்கு மூடிகளைச் சாய்த்துத் திறந்துவைத்து, ஓடும் வண்டியின் காற்றையே உள்ளே விடுவார்கள். ஒரு முனையையாவது அப்படிக் காட்ட, திறந்து மூடும் கீல்களை மெல்லிய பித்தளைக் கம்பியில் வளைத்துக்கொண்டிருக்கிறேன்.