பாலாடை படிந்த தட்டு

2022 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை. ஏறாவூர்ச் சந்தையில் மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் கட்டியை றெஜிபோம் பெட்டியில் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன அண்ணன், பாரையா சூரையா?" என்று கேட்டார். "பற்றீரியா" என்றேன். "எந்தப் பக்கம் படுகிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். பெற்றோல் வரிசையில் இடம் பிடிக்கும் அவசரம் அவருக்கு.

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மட்டக்களப்பில் இந்த வேலைக்கு வந்தபோது போர்க்காலம். கண்ணாடி வைத்த நுண்ணோக்கியை யன்னலோரம் இழுத்து, வெயிலை அதில் பிடித்து, மாணவர்களுக்கு வெங்காயத் தோலின் கலங்களைக் காட்டியவன் நான். பற்றீரியாவை வளர்க்கும் ஊடகம் தயாரிப்பது, கண்ணாடிகளைக் கழுவி அவிப்பது, உடைந்ததை ஒட்டுவது, ஒட்ட முடியாததைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. விரிவுரையாளர் சொல்வதை மறுத்துப் பேசுவது அதில் அடங்காது. அப்படி எங்கும் எழுதிவைக்கவில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம், உயிர்க் கலங்களுக்குப் புது வேலை கற்றுக்கொடுக்கும் தொகுப்பு உயிரியலுக்கென ஒரு குழு தொடங்கியது. எட்டு மாணவர்கள், ஒரு விரிவுரையாளர். குழுவின் முதல் படத்தில் நான் இல்லை. படம் எடுத்தவன் நான்.

அந்த விரிவுரையாளர், எங்கள் சேர், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே ஐஜெம் போட்டிக்குப் போன மாணவர் குழு ஒன்றுக்கு அவர் ஆலோசகராக இருந்தவர். 2003 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜனவரி மாதக் குறும்பாடமாகத் தொடங்கியது அது. 2004 இல் ஐந்து குழுக்கள் போட்டியிட்டன. இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான குழுக்கள் வருகின்றன. பட்டப்படிப்பு மாணவர்கள் பற்றீரியாவுக்குள் பரம்பரை அலகு (மரபணு) துண்டுகளைக் கோத்து, ஏதாவது ஒரு வேலையை அதற்குக் கற்றுக்கொடுப்பார்கள். 2006 இல் எடின்பரோ மாணவர்கள் தண்ணீரில் ஆர்செனிக் இருந்தால் காட்டிக்கொடுக்கும் பற்றீரியாவைச் செய்துகாட்டினார்கள். பதிவுக் கட்டணம் ஆயிரக்கணக்கான டொலர். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360 ஐத் தொட்ட வருடம் அது. போட்டிக்குப் போகப் போவதில்லை, ஆனால் அந்த முறையில் வேலை பழகுவோம் என்றார் சேர்.

மாணவர்கள் வாவிக்கரைப் பிள்ளைகள் அல்லவா, முதலில் எல்லோரும் வாவியைச் சுத்தப்படுத்தக் கிளம்பினார்கள். 56 கிலோமீற்றர் நீளமான வாவி. சேர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவாறு இறங்கி வந்து, கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று கூடினால் நிறம் மாறும் பற்றீரியா என்று முடிவு செய்தார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வயலுக்கு இடும் யூரியா கிணற்றுக்கு வரும் வழியையெல்லாம் அழகாக வரைந்தார்கள். மண்டூர்ப் பிள்ளை அந்தப் படத்தைத் தகப்பனிடம் காட்டியிருக்கிறாள். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடை செய்து, நவம்பரில் தடையை எடுத்தபின்பும் பசளை வாங்க வழியில்லாமல் நின்ற வெள்ளாண்மைக்காரர் அவர். "பசளையே இல்லாத வருடத்தில் தண்ணீருக்குள் பசளை தேடுகிறீர்களா? கண்டுபிடித்தால் எனக்கு இரண்டு மூடை எடுத்துவா" என்றாராம். அதை அவள் கூட்டத்தில் சொன்னபோது சேரும் சிரித்துவிட்டார்.

நைத்திரேற்றுக்கு முன்னால் கை பழக வேண்டும். கொழும்பில் சேருக்குத் தெரிந்த ஓர் ஆய்வுகூடம் கடித உறை ஒன்றை அனுப்பியது. உள்ளே வடிதாள் துண்டு, அதில் பென்சிலால் கீறிய இரண்டு வட்டங்கள். வட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உலர்ந்துகிடந்தது பிளாஸ்மிட் என்ற சிறு வளைய டி.என்.ஏ. அக்குரோபோரா மில்லெப்போரா என்ற பவளத்தின் நீலப் புரதத்துக்குரிய பரம்பரை அலகும், பற்றீரியாவைக் கொல்லும் அம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் அலகும் அதில் இருந்தன. வட்டத்தை வெட்டிச் சில துளி நீரில் ஊறவைத்து, ஈ.கோலை பற்றீரியாவுக்குள் செலுத்தி, அம்பிசிலின் கலந்த ஏகார்த் தட்டில், அதாவது கூழாக உறைந்த ஊடகத்தில், பரப்பினால், பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்ட கலங்கள் மட்டும் பிழைக்கும். பிழைத்தவை நீலமாகும். பாசிக்குடாப் பையன் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பவளத்தைச் சுண்ணாம்புக்கு எரித்த கதை மட்டும்தான் அவன் வீட்டில் கேட்டு வளர்ந்தது.

மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலமானது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. டி.என்.ஏ.யை ஏற்கும்படி பதப்படுத்தி வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்தக் கலங்களைச் சைபருக்குக் கீழே 80 பாகையில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் அதற்கு ஆசைப்படவில்லை. பழைய வழிக்குப் போனோம். கல்சியம் குளோரைட்டில் குளிரவைத்த ஈ.கோலை டி.என்.ஏ.யை உள்ளே விடும் என்று மண்டெலும் ஹிகாவும் 1970 இல் காட்டிய வழி அது. அன்றன்று வளர்த்த கலம், மீன்காரரின் ஐஸ், 42 பாகை நீரில் 45 விநாடி, மறுபடியும் ஐஸ். இவ்வளவுதான். 42 பாகை நீரைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் வைத்துக்கொண்டோம். ஊடகத்தை ஆய்வுகூடத்துக்குப் பின்னால் விறகு மூட்டி, பிரஷர் குக்கரில் அவித்தோம். காவலாளி எட்டிப் பார்த்து, "புட்டா?" என்று கேட்டார். ஈஸ்ட் சாறு கொதிக்கும் மணம் அவரை அந்தக் கேள்வியை இரண்டாம் தடவை கேட்கவிடவில்லை.

இதையெல்லாம் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நடந்த பிழையும் இதே கெட்டித்தனத்துக்குள்தான் இருந்தது.

ஆறு தட்டுக்குத்தான் ஏகார் மிச்சம் இருந்தது. ஆறிலும் டி.என்.ஏ. செலுத்திய கலங்களையே பரப்பலாம் என்று மாணவர்கள் தீர்மானித்தார்கள். டி.என்.ஏ. சேர்க்காத கலங்களுக்கென ஒரு தட்டு, அதாவது கட்டுப்பாட்டுத் தட்டு, வைக்கவில்லை. ஒன்றுமே முளைக்கக்கூடாத தட்டுக்கு ஏகாரைச் செலவழிப்பதா என்ற கணக்கு. தட்டு வார்த்தவன் நான். அம்பிசிலின் கரைசலை எடுத்துக் கலந்தவனும் நான்.

மறுநாள் காலையில் ஒரே ஆரவாரம். ஆறு தட்டிலும் விளிம்பு முதல் விளிம்பு வரை, ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல வெண்மையாக முளைத்திருந்தது. "எண்ணவே முடியாது சேர்!" என்றான் சம்மாந்துறைப் பையன். நீலம் வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும் என்று வாசித்திருந்தார்கள். சேர் ஒரு தட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, மேசையில் வைத்தார். "நல்லது, பார்ப்போம்" என்றார். நான் அப்போது பின்னால் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். தட்டை நான் பார்க்கவில்லை.

நீலம் வரவில்லை. நாளைக்கு வரும் என்று காத்திருந்தார்கள். பிறகு, நிறம் மங்கலாக இருக்கலாம், டி.என்.ஏ.யைப் பிரித்துப் பார்ப்போம் என்று தொடங்கினார்கள். மின்சாரம் வந்து போகும் இடைவெளிகளில் இரண்டு கிழமை வேலை. டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கும் சிறு வடிகுழாய்கள் எட்டு முடிந்தன. மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய, டி.என்.ஏ.யை வெட்டும் நொதியத்தில் பாதி போயிற்று. பிளாஸ்மிட் இருந்தால் கோடாகக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடும் தெரியவில்லை.

இடையில் ஒருநாள் மண்டூர்ப் பிள்ளை நடைபாதையில் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, சும்மா கலத்தை மட்டும் ஒரு தட்டில் போட்டிருக்க வேண்டாமா?" என்று கேட்டாள். "சேரிடம் கேள் மகள்" என்றேன். அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய கொப்பியைப் பார்த்தால் தெரியும்: செய்முறை முழுவதும் ஆங்கிலத்தில், நடுநடுவே பென்சிலால் 'மறுகா', 'மறுகா' என்று, 'பிறகு' என்பதற்கான எங்கள் ஊர்ச் சொல்லை, எழுதியிருப்பாள். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை. கூட்டமோ ஆங்கிலத்தில் நடக்கும், சிங்களம் பேசும் குருநாகல் பையனுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக. அவனுக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து மௌனமாக இருந்தார்கள்.

ஜெல் வெறுமையாக இருந்த நாளில்தான் சேர் பேசினார். முதல்நாள் தட்டைத் தூக்கியபோதே தனக்குத் தெரியும் என்றார். அப்படிப் பாய் விரித்ததுபோல முளைத்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம், கட்டுப்பாட்டுத் தட்டு இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும், அதை நீங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன் என்றார். குருநாகல் பையன் தனக்குத் தெரிந்த தமிழில், "இரண்டு கிழமை, சேர்" என்றான். வேறொன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

எனக்கும் கோபம் வந்தது. பிழை விட்டுப் பழகட்டும் என்பது நல்ல வழிதான். ஆனால் அது அலமாரியில் இன்னொரு பெட்டி நொதியம் இருக்கும் ஊரின் வழி. அங்கே பிழையின் விலை ஒரு பிற்பகல். இங்கே மூன்று மாதம். இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று பின்னேரம் அவரோடு கன்டீனுக்குப் போனேன். பால்மா இல்லாததால் வெறுந்தேநீர்.

பேச்சுவாக்கில், "பிள்ளைகள் அம்பிசிலின் போட மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்" என்றார்.

"இல்லை சேர், நான்தான் போட்டேன்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அந்த மருந்துக் குழாய் இருந்த உறைபெட்டி மார்ச் கடைசியிலிருந்து நாள்தோறும் உருகிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து தரையைத் துடைத்தவன் நான். அம்பிசிலின் கரைசல் சூட்டில் தாக்குப்பிடிக்காது என்பதும் தெரியும். சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். தட்டைப் பார்த்தவருக்கு உறைபெட்டி தெரியாது, உறைபெட்டியைத் துடைத்தவன் தட்டைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் சரியான கேள்வியோடு நின்ற பிள்ளையை நான்தான் திருப்பி அனுப்பினேன். நொதியத்தின் விலையைப் பற்றி அவருக்குச் சொல்ல வைத்திருந்த வசனங்களைத் தேநீரோடு விழுங்கினேன்.

"நானும் அன்றைக்கே கேட்டிருக்கலாம்" என்றார் சேர். இருவரும் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தோம்.

ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் பாடங்கள் இணையவழிக்குப் போயின. மாணவர்கள் திரும்பி வந்தபின் சேர் முறையை மாற்றினார். உடுப்புக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, மைக்ரோ பிப்பெற்றும் ஐஸும் போத்தல் தண்ணீரும் வைத்து, முழுச் செய்முறையையும் பொய்யாகவே மூன்று தடவை செய்யச் சொன்னார். அந்த நேரத்தில் யார் என்ன பிழை விட்டாலும் அவர் வாயைத் திறப்பதில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நிஜக் குழாயைத் திறக்கும் நாளில் யாரும் வாயை மூடியிருக்கக்கூடாது, ஐயா உட்பட, என்றார். கூட்டத்தில் எந்த மொழியிலும் கேட்கலாம். மொழிபெயர்க்கும் பொறுப்பு சம்மாந்துறைப் பையனுக்கு. மூன்று மொழியும் பேசுவான், மூன்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவான்.

என்னைப் பேச வைப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் இரண்டு கூட்டங்களில் கதவோரம் நின்றேன். மூன்றாவதில் கதிரை ஒன்றை எனக்காக இழுத்துப் போட்டிருந்தார்கள்.

வடிதாளின் இரண்டாவது வட்டத்தை செப்ரெம்பரில் வெட்டினோம். இம்முறை நாலே தட்டு, அதில் ஒன்று டி.என்.ஏ. இல்லாதது. மூன்று தட்டிலும் சேர்த்துப் பதினொரு புள்ளிகள்தான் முளைத்தன. இரண்டாம் நாள் அவை சங்குப்பூ நிறத்துக்கு வந்தன. பாசிக்குடாப் பையன் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினான். மண்டூர்ப் பிள்ளை நீலத் தட்டை விட்டுவிட்டு, ஒன்றும் முளைக்காத நாலாவது தட்டைச் சன்னலோரம் பிடித்து நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தாள். நைத்திரேற்றுக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

அடுத்த தொகுதித் தட்டுக்கு ஏகார் உருகிக்கொண்டிருந்தபோது உறைபெட்டியைத் திறந்தவள் அவள்தான். அம்பிசிலின் குழாயொன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேர் பக்கத்தில்தான் நின்றார். இம்முறை அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஐயா, இது எப்போது கரைத்தது? திகதி இல்லையே."

வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான். குழாயைத் திறந்து கழிவுப் போத்தலில் ஊற்றிவிட்டு, புதிதாகக் கரைப்பதற்குத் தராசை எடுத்தேன்.